நாலாயிரத்து எண்ணூறு கைப்பிடிகளின் வகைப்பாடு

லாட்வியாவிலிருந்து வந்த நாலாயிரத்து எண்ணூறு மரக் கைப்பிடிகள் அதியமான்கோட்டையை அடுத்த கன்டெய்னர் கிடங்கில் இறக்கப்பட்ட செவ்வாய்க்கிழமை காலை, அங்கிருந்த தூசி முழுவதும் எழுந்து வாசல் வழியாக வெளியே போய்விட்டது. அன்று பாலக்கோட்டில் தக்காளி பெட்டி முந்நூற்று நாற்பது ரூபாய். பதினோரு வருடத் தூசி அது. அவசரப்படாமல், தரையோடு தரையாக நகர்ந்து, நெடுஞ்சாலையைக் கடந்து எதிர்ப்புறத்துப் பஞ்சர் கடையில் போய் உட்கார்ந்தது. கிடங்கைப் பெருக்கும் லூர்துமேரிதான் முதலில் பார்த்தவர். தன் வேலைக்கு ஆபத்து என்று நினைக்கவில்லை. கூரையில் ஒட்டடை இருக்கும்வரை தன்னை யாரும் அசைக்க முடியாது என்பது அவருக்குத் தெரியும். வேலைக்கு ஆபத்து வந்தது வேறு ஆட்களுக்கு.

அந்தக் கைப்பிடிகளை வரவழைத்தது பாப்பிரெட்டிப்பட்டியில் தீர்த்தம்மாள் நடத்தும் துடைப்பக் கொட்டகை. முப்பத்தாறு பெண்கள் அங்கே சித்தேரி மலைப் புல்லைக் கட்டித் துடைப்பம் செய்கிறார்கள். உள்ளூர்த் தைல மரக் கட்டை ஒரு மழைக்காலத்திலேயே வளைந்துபோனதால் கடல் கடந்து கட்டை வாங்க வேண்டியதாயிற்று. வாங்க வைத்தது ஏழு மருத்துவமனைகளின் ஆர்டர். அதில் ஒரே நிபந்தனைதான்: துடைப்பம் இந்த மாவட்டத்தில் செய்யப்பட்டதாக இருக்க வேண்டும். சுங்கத் தாளை நிரப்பியவள் கோகிலவாணி, மாவட்டத்திலேயே சுங்க முகவர் தேர்வு எழுதித் தேறிய முதல் பெண். இது அவளுடைய முதல் சரக்கு. மரத்தாலான துடைப்பக் கைப்பிடி, சுங்கப் பட்டியலில் தலைப்பு 4417 என்று எழுதி, இருமுறை சரிபார்த்து, கையெழுத்துக்குக் கீழே தேவையில்லாமல் ஒரு கோடும் போட்டிருந்தாள்.

மதிப்பீட்டு அதிகாரி வெங்கடாசலம் நேர்மையானவர். அவரிடம் இருந்த சிக்கலே அதுதான். கைப்பிடி ஒன்றைத் தன் அறை மூலையில் நிறுத்தினார். மேசையடித் தூசி சன்னல் ஏறிக் குதித்தது. வேறு மூலைக்கு மாற்றி நிறுத்தினார். கோப்புகளுக்குள் இருந்ததும் போயிற்று. பிறகு விதியைப் புரட்டினார். ஒரு பொருள் அரைகுறையாக வந்தாலும், முழுப் பொருளின் முக்கிய குணம் அதில் இருந்தால் அதை முழுப் பொருளாகவே கொள்ள வேண்டும் என்கிறது விதி. துடைப்பத்தின் முக்கிய குணம் தூசியைப் போக்குவது. ஆகவே இது துடைப்பம், தலைப்பு 9603.

"தூசி ஏன் போவுதுன்னு நான் கேக்கலைம்மா. போவுது. அதான் எனக்கு முக்கியம்" என்றார்.

"அப்ப புல்லு கட்டற பொம்பளைங்க என்னத்தச் செய்யறாங்க சார்?"

"சட்டப்படி ஒண்ணும் செய்யலை."

அந்த ஒரு வரி கோகிலவாணிக்கு நெஞ்சில் தைத்தது. துடைப்பமாகவே வந்திறங்கினால் அது லாட்வியாவில் செய்தது, ஆர்டர் போயிற்று, கொட்டகையைப் பூட்டிவிட்டு முப்பத்தாறு பேரும் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் பஸ் ஏற வேண்டியதுதான். அதிகாரியின் முடிவைச் சொல்ல ஸ்கூட்டியில் பாப்பிரெட்டிப்பட்டிக்குப் போனாள். கொட்டகை வழியெல்லாம் சாமான். வளைந்த தைலக் கட்டைகளின் குவியலைச் சேலையைத் தூக்கிப் பிடித்துத் தாண்டினாள். அடுத்து, கட்டி முடித்த துடைப்பங்கள் பரவிக் கிடந்தன. அவற்றைச் சுற்றிக்கொண்டு போனாள். நாலு அடி போன பிறகுதான் தான் என்ன செய்தோம் என்று உறைத்தது. நின்று, திரும்பி, தன் கால்களையே பார்த்தாள்.

"என்ன கண்ணு, முள்ளு குத்திடுச்சா?" என்றார் தீர்த்தம்மாள்.

"இல்லீங்கக்கா. நம்ம ஜெயிச்சிட்டோம்னு நெனக்கிறன்."

சட்டத்தில் இன்னொரு வழியும் உண்டு. ஒரு பொருள் எதுவென்று தாளைப் பார்த்து முடிவு செய்ய முடியாதபோது, அதை வாங்கிப் புழங்கும் மக்கள் அதை எதுவாகக் கொள்கிறார்கள் என்று பார்க்கலாம். கோகிலவாணி அதைக் கேட்டு மனு எழுதினாள். நேர்மையானவர் என்பதால் வெங்கடாசலத்தால் மறுக்க முடியவில்லை. மாதிரி என்று கையெழுத்திட்டு இருபது கைப்பிடிகளை எடுத்துக்கொண்டு, மறுநாள் காலை எட்டு மணிக்கு அவரே பாலக்கோடு தக்காளிச் சந்தைக்கு வந்தார். சந்தை வாசலில் இருபதையும் ஒன்றன்பின் ஒன்றாக, தண்டவாளக் கட்டைகள் மாதிரி குறுக்கே போட்டார்கள். வாசல் புழுதி உடனே விலகித் தரை பளிச்சென்று ஆயிற்று. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சந்தை நேரத்தில் யாருக்கு அவகாசம். ஒரு மணி நேரத்தில் நானூற்றுப் பன்னிரண்டு பேர் தாண்டினார்கள். சிலர் மிதித்தார்கள். ஒருவர் இரண்டைச் சேர்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து டீ குடித்தார்.

பிறகு கோகிலவாணியோடு வந்திருந்த தீர்த்தம்மாள் கடைசிக் கைப்பிடியை எடுத்து, மடியிலிருந்த புல்லை வைத்து, நைலான் கயிற்றால் மூன்று சுற்றுச் சுற்றி, பல்லால் இழுத்து முடிச்சுப் போட்டார். நாலு நிமிடம் ஆனது. அதே இடத்தில் அதைக் கிடத்தினார்.

முதலில் வந்தவன் சுமை தூக்கும் முருகேஷ். தலையில் மூன்று பெட்டி. தன் காலடியையே பார்க்க முடியாது. பத்தொன்பது கட்டைகளையும் விறுவிறுவென்று தாண்டினான். இருபதாவதின் முன் அவன் கால் தானாக நின்றது. சுற்றிக்கொண்டு போனான். அவனுக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லோரும் சுற்றினார்கள். ஓசூர்ப் பக்கத்து லாரி டிரைவர் ஒருவர் கன்னடத்தில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு ஒதுங்கினார். டீ குடித்தவர் திரும்பிப் போகும்போது குதிகால் லேசாகப் பட்டுவிட, குனிந்து துடைப்பத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வெங்கடாசலம் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டே முடிச்சை அருகில் பார்க்க நடந்தார். நோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் பத்தொன்பதைத் தாண்டினார், இருபதாவதைச் சுற்றி அந்தப் பக்கம் போய் நின்றார்.

"சார், இப்ப ஏன் சுத்திப் போனீங்க?" என்று கேட்டாள் கோகிலவாணி.

அவர் குனிந்து தன் ஷூவைப் பார்த்தார். "வெளக்குமாத்த எப்படிம்மா தாண்டறது" என்றார். சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது.

"அப்ப நாங்க கட்டுனாத்தான் அது வெளக்குமாறுங்க" என்றார் தீர்த்தம்மாள், புல்லைத் தட்டி எழுந்தபடி.

மாலையே கன்டெய்னர் விடுவிக்கப்பட்டது. லாரி போன வழியெல்லாம் தூசி ரோட்டை விட்டு இறங்கி நின்றது. பாப்பிரெட்டிப்பட்டியில் முப்பத்தாறு பேரும் வாசலுக்கு வந்து, கோகிலவாணியைத் தோளோடு அணைத்து, ஒருவர் மாற்றி ஒருவர் அழுதார்கள். அவளும் அழுதாள், அவ்வளவு சந்தோஷம். இன்று அந்தக் கொட்டகையில் தொண்ணூறு பேர் வேலை செய்கிறார்கள். ஏழு மருத்துவமனைகளிலும் துடைப்பம் உள்ளே வருமுன்பே தரை சுத்தமாகிவிடுகிறது; ஆனாலும் ஒருமுறை பெருக்கத்தான் செய்கிறார்கள், பெருக்காத தரையை இந்தப் பக்கத்தில் யாரும் நம்புவதில்லை.

கோப்பில் வெங்கடாசலம் எழுதியது இன்றும் இருக்கிறது: "மரத்தாலான துடைப்பக் கைப்பிடி, 4417. தூசி இவற்றைக் கண்டு விலகுகிறது. இது வகைப்பாட்டைப் பாதிக்காது." மூன்று மாதத்துக்கு ஒருமுறை லாட்வியாச் சரக்கு வருகிறது. அன்று காலை கிடங்குக் காவலர் வாசலின் இரண்டு கதவுகளையும் திறந்து வைத்து, தூசி போய் முடியும்வரை ஓரமாக நிற்கிறார்.