விடைக்குறிப்பில் இல்லாத பூண்

விடைத்தாள் திருத்த வந்திருந்த பதினான்கு பேரில் மூளையை வீட்டில் வைத்துவிட்டு வராதவள் நான் ஒருத்திதான் என்று அன்று மத்தியானம்வரை நம்பிக்கொண்டிருந்தேன். மற்றவர்கள் என்னை ‘அகராதி டீச்சர்’ என்பார்கள். நிறைய சொற்கள் தெரிந்தவள் என்ற அர்த்தத்தில் இல்லை, அகராதி பிடித்தவள் என்ற அர்த்தத்தில். அதிலும் எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

அது அரசு அலுவலகங்களில் எழுத்தர்களாகச் சேர்ந்தவர்களுக்கான தமிழ்த் தேர்வு. ஐம்பது மதிப்பெண் எடுத்தால் வேலை நிரந்தரம். மூன்று முறை எழுதலாம். மூன்றாவது முறையும் கோட்டைவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். எத்தனையாவது முறை என்பதைத் தாளின் முகப்பில் ஒரு சிறிய கட்டத்தில் எழுதியிருப்பார்கள். பெயர் இருக்காது, எண் மட்டும்.

எங்களை ஒரு பள்ளிக்கூடத்து ஆய்வுக்கூடத்தில் உட்கார வைத்திருந்தார்கள். முதுகு சாய்க்க வழியில்லாத முக்காலிகள். ஒவ்வொரு மேசையிலும் ஒரு கழுவுதொட்டி, அதில் பாதிக்குத் தண்ணீர் வராது. முன்னால் பெரிய மேசையில் முதன்மைத் திருத்துநர். பரீட்சைக்கு வழிகாட்டி நூல் எழுதி விற்பவர் என்பதால் அவருக்கு ‘வழிகாட்டி’ என்று பெயர் வைத்திருந்தேன். எங்களிடம் கொடுத்த விடைக்குறிப்பு அந்த நூலிலிருந்து அப்படியே பெயர்த்தெடுத்தது. நூலில் ‘ஆபரனம்’ என்று தப்பாக அச்சாகியிருந்தது, விடைக்குறிப்பிலும் ஆபரனமாகவே வந்து உட்கார்ந்திருந்தது. அந்த மனிதருக்குத் தமிழ்மேல் இருந்த அக்கறை அவ்வளவு.

என் பக்கத்து முக்காலியில் ஆமாஞ்சாமி. இருபது வருஷமாகத் திருத்த வருகிறவர். வழிகாட்டி எதைச் சொன்னாலும் தலையாட்டுவார், சொல்லி முடிப்பதற்குள்ளேயே ஆட்டுவார். முதுகெலும்பு இல்லாத மனிதருக்கு முக்காலியே போதும் என்று ஒருநாள் அவர் காதுபடவே சொன்னேன். அவர் சிரித்துவிட்டு அடுத்த தாளை எடுத்தார். சூடு சொரணை இல்லாத ஜென்மம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஏழாவது கேள்வி இது: ‘நகை’ என்ற சொல்லின் இரு பொருள்களைக் கூறி, ஒவ்வொன்றுக்கும் இணையான இரண்டு சொற்கள் தருக. நான்கு மதிப்பெண். விடைக்குறிப்பில் அணிந்துகொள்ளும் நகைக்கு அணியும் ஆபரனமும், சிரிப்புக்கு முறுவலும் புன்னகையும் இருந்தன. எல்லாரும் அதையே எழுதியிருந்தார்கள். எல்லாரும் அந்த நூலை வாங்கியிருந்தார்கள் என்று அர்த்தம்.

அன்று காலை வந்த ஒரு தாளில் மட்டும் வேறு மாதிரி இருந்தது. சிரிப்புக்கு முறுவல், புன்னகை. அணிந்துகொள்வதற்குப் பூண், இழை. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். யாரோ ஒருவர் நிஜமாகவே படித்திருக்கிறார். நான்குக்கு நான்கு போட்டுக் கூட்டிப் பார்த்தேன். சரியாக ஐம்பது. முகப்புக் கட்டத்தில் மூன்று என்று இருந்தது.

அங்கேயே கையெழுத்துப் போட்டுத் திருத்திய தாள்கட்டோடு சேர்த்து வைத்திருந்தால் கதை முடிந்திருக்கும். வழிகாட்டி பத்துத் தாளுக்கு ஒன்றைத்தான் உருவிப் பார்ப்பார், அதுவும் கொட்டாவி விட்டுக்கொண்டே. ஆனால் இப்படி ஒரு சந்தர்ப்பம் கையில் கிடைத்திருக்கும்போது சும்மா இருக்க என்னால் ஆகுமா? தாளை எடுத்துக்கொண்டு பெரிய மேசைக்குப் போனேன். விடைக்குறிப்பு அரைகுறையாக இருப்பதாகவும், இதைத் தயாரித்தவர் ஒரு அகராதியையாவது புரட்டியிருக்கலாம் என்றும் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். தயாரித்தவர் யாரென்று அந்த அறையில் தெரியாதவர்கள் இல்லை.

வழிகாட்டி தாளை வாங்கிப் பார்த்தார். காது மடல் சிவந்தது.

“உலக்கைக்குப் பூண் போடுவாங்க. கழுத்துல போட்டு நான் பார்த்ததில்லைம்மா” என்றார்.

அறையே சிரித்தது. நான் விடுவேனா? பள்ளி நூலகத்திலிருந்து அகராதியை வரவழைத்தேன். பூணைக் காட்டினேன், இழையைக் காட்டினேன். சேயிழை என்று பெண்ணைச் சொல்கிறார்களே, அவள் என்ன நூலைச் சுற்றிக்கொண்டா நின்றாள் என்று கேட்டேன். இப்போது சிரிப்பு என் பக்கம் வந்தது. அந்த நிமிஷம் எனக்கு எவ்வளவு இனித்தது என்பதை மறைக்கப் போவதில்லை.

பதின்மூன்று பேர் பார்த்துக்கொண்டிருக்க அவருக்கு இறங்கிவர வழி இல்லை. குறிப்பில் இல்லாததற்கு மதிப்பெண் கிடையாது, ஆட்சேபம் இருந்தால் தேர்வுக் குழுவுக்கு மனு எழுதுங்கள் என்றார். பச்சை மையால் என் நான்கை அடித்து இரண்டு ஆக்கினார். என்னைக் கூப்பிட்டு மொத்தத்தையும் திருத்தச் சொன்னார், அதைத் திருத்தியவரேதான் எழுத வேண்டும் என்பது விதி. சிவப்பு மையில் நாற்பத்தெட்டு என்று எழுதினேன். மனுவில் உன்னைக் கிழிக்கிறேன் பார் என்று மனசுக்குள் கறுவிக்கொண்டே எழுதினேன். தாள்கட்டுக்கு அங்கேயே முத்திரை வைத்தார்.

மனு மூன்று பக்கம் வந்தது. பதினோரு மேற்கோள். எழுதி முடித்தபோது சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது. ஆமாஞ்சாமி தண்ணீர் வரும் தொட்டியில் தன் டிபன் டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தார். பார்த்தீர்களா, இப்படித்தான் நிமிர்ந்து நிற்க வேண்டும் என்று அவருக்குப் பாடம் எடுத்தேன்.

அவர் டப்பாவைக் கவிழ்த்து வைத்தார்.

“கட்டுரைக்கு எத்தனை போட்டீங்க?”

“இருபதுக்குப் பதினொண்ணு.”

“கட்டுரைக்குக் குறிப்பு கிடையாது டீச்சர். பதிமூணு போட்டுட்டு, நகைக்கு அவர் சொல்ற ரெண்டையே போட்டிருந்தா ஒரு ஈ காக்காய்க்குத் தெரிஞ்சிருக்காது. எனக்கு வருஷத்துக்கு நாலஞ்சு தாள் இப்படி வரும். நான் அப்படித்தான் செய்வேன்.”

அது ஏமாற்று வேலை இல்லையா என்று கேட்டேன்.

“சரியா எழுதினவங்களுக்கு அவங்க மார்க்கைக் குடுக்கிறது ஏமாத்தா?” என்றார். டப்பாவைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டே சொன்னார்: “அந்தத் தாளுக்குப் பாஸாகணும். உங்களுக்கு ஜெயிக்கணும். ரெண்டும் ஒண்ணுன்னு நினைச்சிட்டீங்க.”

இருபது வருஷம் தலையாட்டிய மனிதர் எத்தனை பேருடைய வேலையைக் காப்பாற்றியிருப்பார் என்று கணக்குப் போட எனக்குத் தைரியம் வரவில்லை. நேரே வழிகாட்டியிடம் போனேன். மனுவை வாங்கிக்கொள்ள வேண்டாம், எல்லாருக்கும் முன்னால் மன்னிப்புக் கேட்கிறேன், அந்த ஒரு தாளை மட்டும் வெளியே எடுங்கள் என்று கெஞ்சினேன். நான் யாரிடமும் அப்படிக் கெஞ்சியதில்லை.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார்.

“முத்திரை வெச்ச கட்டைப் பிரிக்க எனக்கே அதிகாரம் இல்லைம்மா. ஆனா உங்க மனுவில நியாயம் இருக்கு. நானே பரிந்துரை பண்ணி அனுப்பறேன்.”

சொன்னதைச் செய்தார். கடைசி நாள் மாலை குழுவின் முடிவை அவரே எழுந்து வாசித்தார். அடுத்த தேர்விலிருந்து நகைக்குப் பூணும் இழையும் ஏற்கப்படும், திருத்தி முடித்த தாள்களுக்கு இது பொருந்தாது. இதைக் கண்டுபிடித்துச் சொன்ன அம்மையாருக்கு நன்றி என்று என்னை எழுந்து நிற்கச் சொன்னார். எல்லாரும் கை தட்டினார்கள். ஆமாஞ்சாமியும் தட்டினார்.

நான் சொன்னதுதான் சரி என்று ஆகிவிட்டது. வேலை போனவர் ஆணா பெண்ணா என்றுகூட எனக்குத் தெரியாது.