கிணற்றுச் சுரங்கத்துக்கு ஒரு வாத்தியார்

பஞ்சத்தில் ஊற்றைத் துரத்திக்கொண்டு கிணற்றின் அடியில் பக்கவாட்டாகச் சுரங்கம் வெட்டாத தோட்டம் மல்லசமுத்திரம் பக்கம் இல்லை. மறுவருஷம் மழை கொட்டிக் கிணறு நிரம்பியதும் சேறு சரிந்து அந்தச் சுரங்கங்களை அடைத்தது. முங்கிப் போய்ச் சேற்றை வாரி எடுக்க ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பு. தன் கிணற்றில் தானே இறங்க வேண்டும் என்று சின்னண்ணனுக்கு வெறி பிடித்தது அப்போதுதான். அவன் பெண்டாட்டி வசந்தாமணிக்கோ இறங்கின புருஷன் ஏறி வர வேண்டும், அவ்வளவுதான்.

சொல்லிக்கொடுக்க இரண்டு பேர் இருந்தார்கள். மோகனூர் நசுருல்லா ஒரு வருஷம் காவிரியில் முங்க வைத்த பிறகுதான் சுரங்கத்துப் பக்கமே விடுவார். இடுப்பில் கயிறு கட்டாமல் ஒருவனையும் இறக்க மாட்டார். "உள்ள போறதுக்கு வாத்தியாரே வேண்டாமுங்க தம்பி. திரும்பி வாரதுக்குத்தான் நானு" என்றார். இன்னொருவர் குமாரசாமி, வசந்தாமணியின் மாமனார் சென்னியப்பனின் பங்காளி. ஒரே மாதத்தில் சுரங்கத்துக்குள் அனுப்பிவிடுவார். கயிறெல்லாம் பயந்தாங்கொள்ளிக்கு என்பார்.

வசந்தாமணி நசுருல்லாவைத்தான் சொன்னாள். சென்னியப்பனுக்கு அது பொறுக்கவில்லை.

"பங்காளி இருக்கையில பாயிகிட்டப் போயிக் கைகட்டி நிக்கறதா? மாரியாத்தாளையே கேட்டுப்போடலாம்" என்றார்.

பூ கேட்டு வாக்கு வந்துவிட்டால் எங்கள் பக்கம் அதற்கு மேல் பேச்சில்லை. வெள்ளரளி வந்தால் குமாரசாமி, செவ்வரளி வந்தால் நசுருல்லா. சென்னியப்பனே பூவை இலையில் மடித்து இரண்டு பொட்டலமாக அம்மன் காலடியில் வைத்தார். பூசாரி ஒன்றை எடுத்துப் பிரித்தார். வெள்ளை. சென்னியப்பன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். எல்லாரும் திருநீறு வாங்க நகர்ந்தபோது வசந்தாமணி மிச்சப் பொட்டலத்தைப் பிரித்தாள். அதிலும் வெள்ளை.

திரும்பும் வழியில் புருஷனிடம் காட்டினாள். அவன் முகம் மாறவே இல்லை.

"அப்பன் பூப் பறிக்கையிலயே பாத்தேன் அம்மிணி. கோயில்ல வெச்சு அவர அசிங்கப்படுத்தச் சொல்றயா? உடு. யாரு சொல்லிக் குடுத்தா என்ன, கெணறு ஒண்ணுதான்."

மானம் என்று வந்துவிட்டால் அந்த வீட்டு ஆண்களுக்கு உயிர் கால்தூசு. மேலே பேசினால் அவளுக்குத்தான் வாயாடிப் பட்டம்.

தை பிறப்பதற்குள் சின்னண்ணன் கயிறு இல்லாமல் சுரங்கத்துக்குள் போனான். சேறு கலங்கியதில் வந்த வழி தெரியாமல் போயிற்று. உடம்பை எடுக்கக் குமாரசாமிக்குத் துணிச்சல் வரவில்லை. மோகனூருக்கு ஆள் ஓடியது. பாயிடம் போவதற்கு அன்று யாருக்கும் கௌரவம் குறுக்கே நிற்கவில்லை.

நசுருல்லா கயிறு கட்டி இறங்கிச் சின்னண்ணனைக் கொண்டுவந்து மேட்டில் கிடத்தினார். "இடுப்புல ஒண்ணுமே கட்டலீங்களா?" என்று கேட்டார்.

சென்னியப்பன் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதார். "ஆத்தா, நீ காட்டுன வழியிலதான உட்டேன். எம் பையன எடுத்துப்போட்டயே."

வசந்தாமணி எழுந்து அவர் எதிரே போய் நின்றாள். சொந்தம் முழுக்கச் சுற்றி நின்றது.

"அவ மேல பழி போடாதீங்க மாமா. அவளுக்கு நீங்க வேற பூவே குடுக்கலீங்களே."