ரெண்டு நிமிஷப் பயணம்

வெஸ்ட்ரே தீவிலிருந்து எங்கள் பாப்பே தீவுக்கு விமானத்தில் இரண்டே நிமிடம். காற்று தள்ளிவிட்டால் அதுகூட ஆகாது. நடுவில் இருப்பது ரெண்டு மைல் கடல். பெல்ட்டைப் போட்டுக் கழற்றவே நேரம் சரியாக இருக்கும். எங்கள் ஆர்க்னித் தீவுக்கூட்டத்தில் யாரும் இதைப் பயணம் என்று சொல்வதில்லை. ஆனால் ஒரு விதி உண்டு. இறங்கும் இடத்தில் தீயணைப்பு உடையோடு ஆள் நின்று "தயார்" என்று சொன்னால்தான் ஏறும் இடத்திலிருந்து விமானம் கிளம்பும். எங்கள் தீவில் அந்த ஆட்கள் நானும் மான்சியும். மற்ற நேரமெல்லாம் மாட்டோடு மாரடிப்போம்.

அன்று வர வேண்டியவள் என் தங்கை மெர்ரன். கிர்க்வால் ஆஸ்பத்திரியில் பிரசவமாகி, மூன்று வாரக் குழந்தையோடு வெஸ்ட்ரே வழியாக வருகிறாள். அதை நான் இன்னும் கையில் வாங்கவில்லை. காலையிலிருந்தே எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

நான் தயார் சொன்னதும் வெஸ்ட்ரேயில் விமானத்தை அனுப்பிவைக்கும் டேவி வயர்லெஸ்ஸில் பேசினான். "கிளப்பியாச்சு தோரா. இனிமே உன் பாடு."

அந்த நேரம் பார்த்துக் கடலிலிருந்து மூடுபனி ஏறியது. தலைக்கு மேலே எஞ்சின் சத்தம் கேட்டது. பிறகு நின்றுபோனது. தூரமாகித் தேயவில்லை, கதவைச் சாத்தினாற்போல் நின்றது.

"கடல்ல விழுந்திருக்குமோ?" என்றான் மான்சி.

"வாயக் கழுவுடா!" என்று கத்தினேன். டேவியைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வறண்டது. வயர்லெஸ்ஸில் வெறும் இரைச்சல்தான்.

படகுக்காரர்களைக் கூப்பிடலாம் என்று திரும்பினால், விமானம் புல்லில் நிற்கிறது. இறங்கியதை நாங்கள் இருவருமே பார்க்கவில்லை. விமானி உட்காரும் இடத்துக் கண்ணாடிக்குப் பின்னால் பனிதான் தெரிந்தது. மெர்ரன் மட்டும் இறங்கி வந்தாள்.

"என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?"

"எங்கடி போனீங்க இவ்வளவு நேரம்?"

"எவ்வளவு நேரம்? ஏறினேன், இறங்கினேன். உனக்கு எப்பவும் அவசரம்."

அவள் இடுப்பில் ஒரு பெண் குழந்தை உட்கார்ந்திருந்தது. கால்கள் அவள் முழங்கால்வரை தொங்கின. நான் பின்னி அனுப்பிய சால்வை அதன் தோளைக்கூட மூடவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்தது. வாய் நிறையப் பல்.

"கர்த்தரே!" என்று மான்சி பின்னால் நகர்ந்தான்.

அப்போது வயர்லெஸ் கரகரத்தது. "தோரா, கேக்குதா? பனியில வழி தெரியாம விமானம் இங்கேயே திரும்பிடுச்சு. மெர்ரன் என் அடுப்புப் பக்கத்துல உட்கார்ந்து டீ குடிக்கிறா. புள்ள பசிக்குக் கத்துறத கேளு." சின்னஞ்சிறு அழுகை கேட்டது. "பனி விலகுது. நீங்க தயாரா? அனுப்பட்டுமா?"

எதிரே நின்றவளின் முகம் வெளுத்தது. புருவத்தில் சின்ன வயதில் கதவு இடித்த தழும்புகூட அப்படியே இருந்தது. அவள் என் மெர்ரன்தான். எந்தச் சாமி முன்னாலும் சத்தியம் செய்வேன்.

"வேண்டாம்னு சொல்லுக்கா," என்றாள். "உனக்குப் புண்ணியமாப் போகும்."

குழந்தை எட்டி என் விரலைப் பிடித்துக்கொண்டது. அந்தக் கை வெதுவெதுப்பாக இருந்தது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வயர்லெஸ்ஸில் பசியழுகை ஓயவேயில்லை.

"தயார். அனுப்பு," என்றேன்.

கடலுக்கு அந்தப் பக்கம் எஞ்சின் கிளம்பியது. மெர்ரன் குழந்தையை இறுக்கிக்கொண்டாள்.

"அப்ப நாங்க எங்கக்கா போறது?"