சத்தம் போன படகு

"அந்தக் கரண்டு மோட்டாரைத் தூர வீசு! தண்ணியில கரண்டை விட்டு ஜனங்களை வறுத்தெடுக்கவா பார்க்கிற?"

"அக்கா, பேட்டரி பெட்டிக்குள்ள பத்திரமா இருக்கு. சொட்டு தண்ணி போகாது."

"நாப்பது வயசுல உனக்கு மோட்டார் கேக்குதா? பொண்டாட்டி கேக்க வேண்டிய வயசுடா!"

கரையில் நின்று அக்கா போட்ட சத்தத்துக்குப் படகுத்துறை முழுக்கக் காது கொடுத்தது. அவள் தம்பி படகுக்காரர் பழைய டீசல் இன்ஜினின் கடைசி போல்ட்டைக் கழற்றினார். ஏன் மாற்றுகிறார் என்று யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் நமக்குத் தெரியாதா? காலையில் அக்கரையிலிருக்கும் தன் தையல் கடைக்குப் போய் மாலையில் திரும்பும் தையல்காரிக்கு டீசல் புகை என்றாலே இருமல்.

அந்த இன்ஜின் கத்துகிற கத்தில், பக்கத்தில் இருப்பவர் காதில் வாய் வைத்தால்தான் மணி என்ன என்று கேட்க முடியும். அந்தத் தைரியத்தில்தான் படகுக்காரர் பல வருஷமாகப் பின்னால் உட்கார்ந்து, முன் பலகையில் இருக்கும் அவள் முதுகிடம் மனதைக் கொட்டிக்கொண்டிருந்தார். நேருக்கு நேர் என்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். இப்போது அவள் கடையை மூடிவிட்டு, மாசக் கடைசியில் தன் தம்பி ஊரோடு போகிறாளாம்.

மறுநாள் காலை ஆறும் வானமும் ஒரே வெள்ளைப் பனி. படகுக்காரர் பிடியை மெல்லத் திருகினார். படகு நகர்ந்ததே தெரியவில்லை. கரைதான் எங்கோ கிளம்பிப் போவதுபோல இருந்தது. மரங்கள் கரைந்தன. தூக்கத்தில் மிதக்கிறவர்கள்போல எல்லோரும் வாய்மூடி உட்கார்ந்திருந்தார்கள். பழைய இன்ஜினின் அதிர்வு மட்டும் அவர் கையை விட்டுப் போகவில்லை. வாய் வழக்கம்போலத் தானாகத் திறந்துகொண்டது, அதே டீசல் குரலில்:

"இன்னைக்காவது திரும்பிப் பாரேன்! தம்பி ஊர்ல போய் என்ன பண்ணப் போற? என் வீட்டுக்கு வந்துடு. அக்கா கத்துவா, அதை நான் பார்த்துக்கிறேன்!"

கூடையோடு சந்தைக்குப் போய்க்கொண்டிருந்த கீரைக்காரரின் கொட்டாவி பாதியில் நின்றது. படகின் விளிம்பில் நீர் தட்டுவதுகூடக் கேட்டபோதுதான் படகுக்காரருக்கு விஷயம் உறைத்தது. மோட்டாரை நிறுத்தினார். படகு பனிக்குள் சும்மா மிதந்தது.

தையல்காரி திரும்பவில்லை. "எத்தனை நாளா இந்தப் பேச்சு?"

"ரொம்ப நாளா."

"எனக்குக் கேக்கும்னு நெனச்சீங்களா?"

"கேக்காதுன்னுதான் பேசினேன்."

"ஏம்மா, கரைக்குப் போய்ப் பேசக் கூடாதா? என் கீரை வாடுது" என்றார் கீரைக்காரர்.

"வாடட்டும். அக்கா கத்தினா எப்படிப் பார்த்துப்பாராம்? அதைச் சொல்லட்டும்."

"இப்பவே போய்ச் சொல்லிடுறேன்." படகுக்காரர் நிஜமாகவே படகைத் திருப்பினார். பிறந்ததிலிருந்து அக்கா பேச்சுக்கு எதிர்ப்பேச்சு பேசாத மனுஷன்!

துறைப்பக்கம் பனிக்குள்ளிருந்து அக்காவின் குரல் வந்தது. ஆற்றின் மேல் பேச்சு எவ்வளவு தூரம் போகும் என்று அன்றைக்குத்தான் துறைக்கே தெரிந்தது.

"டேய், திருப்பாதே! ஜனங்களுக்கு நேரமாகுது. சாயங்காலம் அவளை வீட்டுக்குக் கூட்டிட்டு வா!"

தையல்காரி அப்போதுதான் திரும்பிப் பார்த்தாள். சிரித்தாளா என்று கீரைக்காரரைக் கேட்டால், பனியில் சரியாகத் தெரியவில்லை என்று மழுப்புகிறார்.

அடுத்த மாசமே கல்யாணம். தையல்காரியின் தம்பி வந்து சாப்பிட்டுவிட்டுத் தனியாகத் திரும்பினான். படகுக்காரரின் அக்கா, மூடாமல் விட்ட அக்கரைத் தையல் கடையின் பின்னறைக்குக் குடிபோய்விட்டாள். கோபித்துக்கொண்டு போனாள் என்கிறார்கள் சிலர். கோபித்துக்கொண்டவளா சாமானையெல்லாம் கீரைக்காரர் தலையில் ஏற்றிவிட்டு, அவரோடு சிரித்துக்கொண்டே போவாள் என்கிறார்கள் மற்றவர்கள்.