கேப்டன் காஸ்பரின் கால்கள்

போர் முடிந்து ஒன்பது வருடம் ஆன பிறகும் கேப்டன் காஸ்பர் ரெட்டிங்கின் கால்கள் அணிவகுத்து நடந்துகொண்டிருந்தன. சாப்பிடும்போதும் நடை, தூக்கத்திலும் நடை. அமெரிக்காவில், மிசௌரியில் எங்கள் ஊர்க்காரர்கள் முதல் மாதம் வேடிக்கை பார்த்தார்கள். பிறகு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

ஜெர்மனியில் புரட்சி செய்து, தோற்று, உயிர் தப்பிக் கப்பலேறி வந்தவர் அவர். ராஜாக்களிடம் தோற்றது போதும், அடிமை வியாபாரிகளிடமும் தோற்கவேண்டாம் என்று அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்கு மாநிலங்களின் படையில் சேர்ந்தார். எங்கள் படைப்பிரிவில் எல்லோருமே ஜெர்மானியர்கள், கட்டளையும் ஜெர்மனில்தான். அதிகாரிகளை நாங்களே கைதூக்கித் தேர்ந்தெடுத்தோம். நான்கு வருடம் சேற்றிலும் பனியிலும் நடந்தோம். எதற்கு நடக்கிறோம் என்பது இரண்டாம் வருடமே மறந்துவிட்டது. எங்கள் கர்னல் ஒரு ஆற்றங்கரையில் குண்டடிபட்டுச் செத்தார். கடைசியில் எங்களைக் கலைத்தவர் நியூயார்க்காரர் ஒருவர், ஆங்கிலத்தில் கலைத்தார். எங்களுக்குப் புரியவில்லை, முன்வரிசையைப் பார்த்துக் கலைந்தோம். கேப்டன் எல்லோருக்கும் முன்னால் நின்றவர், யாரைப் பார்ப்பார்? அவர் தலைக்கு ஆங்கிலம் தெரியும். கால்களுக்குத் தெரியாது.

மனைவி ஒட்டிலி தட்டைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்து ஊட்டினாள். ஒன்பதாம் வருடம் வைத்தியர், இந்த இதயம் குளிர்காலத்தைத் தாண்டாது என்று சொல்லிவிட்டார். நாங்கள் பதினேழு பேர் பீர்க்கடையில் கூடினோம்.

“நான் ஜெர்மன்லயே கத்திப் பாத்துட்டேன், நிக்கலையே,” என்றான் சார்ஜெண்ட் பிரெண்டல்.

“சார்ஜெண்ட் சொன்னா கேப்டன் கால் கேக்குமா? கர்னல் சொல்லணும்டா,” என்றான் ஒருவன்.

“அப்ப ஒரு கர்னலைப் போடுவோம். ஓட்டுப் போட்டுத்தானே எப்பவும் போட்டோம்?” பிரெண்டல் மீசையைத் தடவிக்கொண்டான்.

“நீயா?” என்றான் இன்னொருவன். “கால் சிரிச்சே செத்துரும். நாமெல்லாம் எப்பவோ உக்காந்துட்டோம். இன்னிக்கும் அவர்கூட நடக்கிறது ஒட்டிலி ஒருத்திதான்.”

பதினாறு கைகள் ஒட்டிலிக்குத் தூக்கின. பிரெண்டலுக்கு அவன் கை மட்டும். அவனுக்கு வருத்தம்தான், இருந்தாலும் ஓட்டு ஓட்டுதான்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் விட்டதும் புல்வெளியில் வரிசையாக நின்றோம். ஒட்டிலி ஏப்ரனோடு முன்னால் வந்தாள். படையைக் கலைக்கும் ஜெர்மன் கட்டளைச் சொல்லை பிரெண்டலே அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தான்.

“கலைஞ்ச காலை மறுபடி சேத்து நடக்க வைக்க முடியுமா?” என்று கேட்டாள்.

“தெரியலை, கர்னல்,” என்றான் பிரெண்டல்.

நின்ற இடத்திலேயே நடந்துகொண்டிருந்த கேப்டன் அவளைப் பார்த்தார். “ஒட்டிலி, ரொம்பக் களைச்சுட்டேன். சொல்லிடு.”

அவள் அழுதுகொண்டே கத்தினாள். கால்கள் நின்றன. கேப்டன் அப்படியே புல்லில் உட்கார்ந்தார். ஒட்டிலியும் பக்கத்தில் உட்கார்ந்தாள். இருவரும் சேர்ந்து உட்கார்ந்து பதின்மூன்று வருடமாகியிருந்தது, பொழுது சாயும்வரை எழவேயில்லை.

அந்தக் கால்கள் அதன்பின் ஓர் அடியும் எடுத்துவைக்கவில்லை. கேப்டன் மேலும் பதினோரு வருடம் இருந்தார். ஒட்டிலி அவரைக் கைவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு சந்தைக்கு வருவாள். எதிரே வரும் நாங்கள் ஒதுங்கி நின்று சல்யூட் அடிப்போம், அவளுக்கு. வண்டியில் இருந்தபடியே கேப்டனும் அடிப்பார்.