கணக்கில் வராத எண்ணெய்

எங்கள் வீட்டில் ஒரு பட்டாணிகூடக் கைபேசிக்குத் தெரியாமல் வாணலியில் விழாது என்று என் கணவர் நம்பிக்கொண்டிருந்தார். பாவம் மனிதர். சமைப்பதும் நான், அளந்து கைபேசிச் செயலியில் பதிவதும் நான்.

அவருடைய அக்காவுக்குக் கல்லீரல் கெட்டுவிட்டது. பரிசோதித்ததில் பொருந்தியது தம்பியான என் கணவருடையது மட்டும்தான். ஆனால் அதில் கொழுப்பு படிந்திருக்கிறது, ஆறு வாரத்தில் கரைத்தால்தான் ஒரு பகுதியை வெட்டி எடுத்து அக்காவுக்கு வைக்க முடியும் என்றார் மருத்துவர். தினமும் ஆயிரத்து ஐந்நூறு கலோரி உள்ளே போகலாம், குறைந்தது இரண்டாயிரத்து முந்நூறு செலவாக வேண்டும். செலவை அவர் கையில் கட்டிய கடிகாரம் சொல்லும். வரவு என் பொறுப்பு.

வெட்டி எடுப்பது என்று கேட்டதுமே எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. நாத்தனார் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. கல்யாணமான புதிதில் இந்த வீட்டில் எனக்காகப் பேசிய ஒரே வாய் அவருடையது. இருந்தாலும் கத்திக்குக் கீழே படுக்கப்போவது என் புருஷன் அல்லவா? இரண்டு வாரத்தில் மூன்று கிலோ மளமளவென்று இறங்கியது. அடுத்த நாள், மூன்று வேளைச் சமையலிலும் ஒரு பெரிய ஸ்பூன் எண்ணெய் என்று பதிந்துவிட்டு மூன்று ஸ்பூன் ஊற்றினேன். அதற்கடுத்த நாளும் ஊற்றினேன். காய் இன்றைக்கு நன்றாக வதங்கியிருக்கிறது என்று பாராட்டு வேறு.

எடை அசையவே இல்லை. அவர் கடிகாரத்தைத் திட்டினார். மனிதர் லிஃப்ட் மெக்கானிக். பழுதுபார்க்கப் போகும் கட்டடங்களில் எல்லாம் படியேறியே போக ஆரம்பித்தார். மெக்கானிக்கே படியேறினால் எவன் நம்பி லிஃப்டில் ஏறுவான் என்று நான் கிண்டல் செய்தேன். சிரித்துவிட்டுப் போய் முகத்தைக் கழுவினேன். ஒவ்வொரு நாளும் ஊற்றும்போது தப்பு என்று தெரிந்தது. ஆனாலும் நிறுத்தத் தோன்றவில்லை.

எண்ணெய் ஊற்ற ஆரம்பித்த பதினேழாம் நாள் காலை பதினொரு மணிக்கு அவரோடு வேலை பார்ப்பவர் ஃபோன் செய்தார்.

"அண்ணி, நாலு நாளா சாப்பாட்டு டப்பாவ என்கிட்ட குடுத்துடுறாரு. இன்னைக்கு லிஃப்ட் கூண்டு மேல நின்னப்ப தலை சுத்திருச்சு. நான் சட்டையப் புடிச்சு இழுக்கலன்னா ஏழு மாடி. வீட்டுக்கு அனுப்பிட்டேன், பாத்துக்குங்க."

டப்பா காலியாகத் திரும்பியதைப் பார்த்து நிம்மதியாக இருந்தவள் நான். கத்தியிடமிருந்து காப்பாற்றுகிறேன் என்று நானே அவரை அந்தப் பள்ளத்தின் விளிம்பில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறேன். அவர் வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். எண்ணெயை, பதினேழு நாளை, என் பயத்தை.

கத்துவார் என்று காத்திருந்தேன். அவர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"நான் என்னையேதான் சந்தேகப்பட்டேன்" என்றார். "காலையில எடை குறையலன்னு தெரிஞ்சதும் ஆபரேஷன்லேர்ந்து தப்பிச்சோம்னு மனசுக்குள்ள ஒரு நிம்மதி வரும். அக்கா செத்தாலும் பரவால்லன்னு நெனைக்கிற ஆளா நான்னு பயந்துட்டேன். அதான் மத்தியானச் சாப்பாட்டையே நிறுத்தினேன்."

ஒரே வீட்டில், ஒரே பயத்தை, ஆளுக்கொரு பக்கமாக ஒளித்து வைத்திருந்திருக்கிறோம்.

"இப்ப என்ன செய்யறது?" என்று கேட்டேன்.

"பயமாத்தான் இருக்கு. ஆனா குடுக்கணும்."

கொழுப்பு கரைந்ததா என்று பார்க்கும் ஸ்கேனுக்குப் பதினொரு நாள்தான் இருந்தது. அவருக்குச் சோறு போட்டு எதிரில் உட்காரவைத்துவிட்டு, மருத்துவமனையில் உணவுப் பட்டியல் எழுதிக்கொடுத்த உணவு நிபுணர் அம்மாவுக்கு ஃபோன் செய்தேன். நான் பதிந்ததெல்லாம் பொய், அவர் நாலு நாளாக மதியம் சாப்பிடவும் இல்லை என்று கணவர் காதுபடவே சொன்னேன். மீதி நாளில் கொழுப்பு இறங்குமா என்று கேட்டேன். அந்த அம்மா பழைய எடைகளைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன், லைனிலேயே இருங்கள் என்றார். இறங்கும் என்று சொல்லிவிட வேண்டுமே என்று என் மனம் அடித்துக்கொண்டது. இத்தனை வாரங்களில் அன்றைக்குத்தான் நான் அதை விரும்பினேன்.