மூன்றாவது வரி

ஆல்பின் ஈரத்துணியைக் கரும்பலகையில் வைக்கப் போனபோது ஜெபராணி கத்தியே விட்டாள்.

"ஏலே, கைய எடு!"

கொழுந்தனை அவள் ஒருநாளும் அப்படி அதட்டியதில்லை. உடலை வைத்திருந்த கண்ணாடிப் பெட்டியைச் சுற்றிப் பாடிக்கொண்டிருந்தவர்கள் பாட்டை நிறுத்தினார்கள்.

"மதினி, பாஸ்டர் வாராக. வசன அட்டைய மாட்ட வேற சுவரு இல்ல."

"இங்கன ஒன்னும் மாட்ட வேண்டாம். பலகையத் தொடாத."

முந்தின நாள் சாயங்காலம் அந்தப் பலகையின் முன்னால்தான் அவள் புருசன் தேவாசீர்வாதம் சார் சரிந்தார். வீட்டு டியூஷனில் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு லிமிட் கணக்கு நடத்திக்கொண்டிருந்தார். முதல் வரி கணக்கு. இரண்டாவது வரியில் காரணிப்படுத்தியிருந்தார். மூன்றாவதில் 'லிமிட்' என்று மட்டும் எழுதியிருந்தது. அங்கிருந்து சாக்பீஸ் கோடு கீழே இழுத்துக்கொண்டு போயிருந்தது.

ஜெபராணிக்குக் கணக்கு சுட்டுப்போட்டாலும் வராது. ஆனால் அடுப்படியில் நின்று அவர் நடத்துவதைக் கேட்டுத்தான் டீ போடுவாள். "நேராப் போட்டுப் பாரு" என்றால் பாலை ஏற்றுவாள். "மேலயும் பூஜ்யம், கீழயும் பூஜ்யமா? பயப்படாத, காரணிப்படுத்து" என்றால் தூள். "அடிச்சு விடு" என்றால் சீனி. விடை வந்ததும் "ராணி, டீ" என்று குரல் வரும். பிள்ளைகுட்டி இல்லாத வீட்டில் அவர் அவளோடு பேசியது பல நாள் அவ்வளவுதான். நான் என்ன டீக்கடையா என்று அவளும் சண்டை போட்டிருக்கிறாள். அவர் சரிந்த அன்று சீனியும் கையுமாக நின்றாள். "அடிச்சு விடு" வரவேயில்லை. பால் பொங்கி அடுப்பு அணைந்தது.

மூன்றாம் நாள் ஜெபம் முடிந்ததும் சொந்தபந்தம் கலைந்தது.

"ஆமத்தூருக்கு எங்ககூட வந்துருங்க மதினி. ஒத்தையில எம்புட்டு நாளு இருப்பீக?"

"கணக்கு பாதியில கிடக்கு. நீ போ தம்பி."

ஆல்பின் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனான். வீடு வெறிச்சென்று கிடந்தது. இந்த மனுசன் ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டாரே என்று அவளுக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் வந்தது.

சாயங்காலம் வாசலில் டியூஷன் பிள்ளை அழகுமீனா நின்றாள். விஸ்வநத்தத்தில் பட்டாசுக் கம்பெனிக்குப் போகிறவளின் மகள். சார் விழுந்த அன்று பதறி ஓடியதில் பையை விட்டுப் போயிருந்தாள்.

"பைய எடுத்துக்கிறேம்மா."

"அந்தக் கணக்கு ஒனக்கு வருமா தாயி?"

"வரும்மா. சார் நடத்துனதுதான."

"போட்டு முடிச்சிரு. முதல்ல இருந்து சத்தமாச் சொல்லு."

ஜெபராணி அடுப்படிக்குப் போய்ப் பாலை ஏற்றினாள்.

"எக்ஸுக்கு ரெண்ட நேராப் போட்டா மேலயும் பூஜ்யம், கீழயும் பூஜ்யம்." பிள்ளை பலகையில் எழுதிக்கொண்டே சொன்னாள். "அதனால காரணிப்படுத்துறோம்."

தூளைப் போட்டாள்.

"எக்ஸ் ரெண்டுகிட்ட நெருங்குது, ஆனா தொடல. அதனால எக்ஸ் மைனஸ் ரெண்ட அடிச்சு விடலாம்."

சீனியைப் போட்டாள்.

"மிச்சம் எக்ஸ் பிளஸ் ரெண்டு. இப்ப ரெண்டப் போட்டா... நாலு. விடை நாலும்மா."

சாக்பீஸைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

ஜெபராணி அடுப்பை அணைத்தாள். வடிகட்டியைக் கையில் பிடித்தபடி முன்னறைப் பக்கம் காதை வைத்துக்கொண்டு நின்றாள். டீயின் மேல் ஆடை படிந்துகொண்டிருந்தது.